போர்டில் ஓட்டிப் பார்த்தேன்

மார்த்தாண்டம்
9 மார்ச் 2025

அன்புள்ள அபிதா அக்காவுக்கு,

அய்யா உண்டு. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டு நடமாடுகிறாள். உத்ரெக்ட் குளிரில் உனக்கு வந்த இருமல் நின்றதா? போனில் கேட்டிருக்கலாம்தான். போன் போட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்கு வந்தவர்களையும் கேட்க வைப்பார், ஐந்தாவது நிமிடத்தில் நீயும் நானும் சண்டை போடுவோம். ஆகவே பேசி வைத்தபடி மெயில், அதுவும் தமிழில்.

விஷயத்துக்கு வருகிறேன். முருகதாஸ் அண்ணனின் டிவி ரிப்பேர் கடையில் நாங்கள் செய்து கொடுத்த சேதிப்பெட்டி இனயம் படகுச் சங்கத்தின் நாற்பது படகில் ஓடுகிறது. ஓகிப் புயலுக்குப் பிறகு எந்தச் சேதியை நம்புவது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. கரையில் இருக்கும் சங்கத்து ஜெப்சி அக்கா தன் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு 'திரும்பி வா' என்று சேதி அனுப்புவாள். கையெழுத்து அவளுடையது என்றால் பெட்டியில் பச்சை எரியும், வேறு யாருடையதோ என்றால் சிவப்பு. அந்தக் கையெழுத்தைச் சரிபார்ப்பது உங்கள் நிரல் தொகுப்பு, உங்கள் லைப்ரரி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நீங்கள் பெருமை பேசுகிற அதே லைப்ரரி.

போன வாரம் கடையின் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. பழைய கம்பைலரும் அதோடு போயிற்று. புதிய கம்பைலரை ஏற்றினால் படகுப் பெட்டியின் சிப்புக்கு உங்கள் லைப்ரரியை மாற்றித் தர மறுக்கிறது. ஜெப்சி அக்காவுக்கு இப்படிச் சொன்னேன்: நாங்கள் எழுதுவதை சிப்பின் பாஷைக்கு மாற்றுகிற ஆள் மாறிவிட்டார், புதியவர் கெடுபிடிக்காரர். "அப்பம் நீ ஒழுங்கா எழுது மக்கா" என்றாள்.

நான் எழுதுவேன். உங்கள் கமிட்டி என்ன செய்கிறது? 'இந்தப் பழைய சிப்பை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, ஜூலை பத்தாம் தேதி ஓட்டெடுத்து நீக்கிவிடலாம்' என்று அறிவிப்பு போட்டிருக்கிறது. இனயத்தில் இருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்களா? ஏழு பேர் கமிட்டியில் நீயும் ஒருத்தி. எதிர்த்து ஓட்டுப் போடு. போடாவிட்டால் ஓணத்துக்கு வரும்போது உனக்கு மரச்சீனிக் கிழங்கும் கிடையாது, மீன்கறியும் கிடையாது.

அன்புடன்,
ஆதிரா


உத்ரெக்ட்
17 மார்ச் 2025

ஏட்டி ஆதிரா,

இருமல் நின்றுவிட்டது. அம்மாவை எண்ணெயோடு விடாதே, எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போ. அப்பா கடையில் ரப்பர் பால் வெட்டும் கத்தி வாங்க வருபவர்களிடம் இன்னும் என்னைப் பற்றிப் பேசுகிறாரா? நிறுத்தச் சொல், கூச்சமாக இருக்கிறது.

மரச்சீனியைக் காட்டி மிரட்டாதே. பழைய சிப்பைச் சுமப்பது சும்மா இல்லை. ஒவ்வொரு புதிய கம்பைலருக்கும் யாராவது உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டும். ஆனாலும் நாற்பது படகு என்பது பெரிய விஷயம், கமிட்டியில் பேசுகிறேன். நீ திருத்தங்களை மூட்டையாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாக அனுப்பு. ஒவ்வொன்றின் கீழும் எந்த மெஷினில் ஓட்டிப் பார்த்தாய் என்று எழுது. அந்த வரி இல்லாவிட்டால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
அபிதா


மார்த்தாண்டம்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். டாக்டர் அம்மாவுக்குப் பட்டை மாட்டிவிட்டார். அதை அவிழ்த்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.

முதல் வேலை முடிந்தது. லைப்ரரியின் பொதுக் கோப்புகளில் நான்கு பைட்டைக் கண்ட இடத்திலிருந்து ஒரே மூச்சில் வாசிக்கிற வரிகள் பதினெட்டு இருந்தன. உன் லேப்டாப் பொறுத்துக்கொள்ளும், இந்தச் சிப் படுத்துவிடும். எல்லாவற்றையும் சரிசெய்தேன். லைப்ரரி ஏறியது, பச்சை எரிந்தது, முருகதாஸ் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சரியானதைக் கொடுத்துச் சரி என்று சொல்கிறதா என்று பார்ப்பதோடு எனக்கு மனது அடங்காதே. நானே ஒரு பொய்ச் சாவி செய்து, ஜெப்சி அக்கா அனுப்புவதுபோல 'திரும்பி வா' என்று அனுப்பினேன். பச்சை எரிந்தது. வெறும் குப்பையை அனுப்பினேன். அதற்கும் பச்சை.

காரணம் சிறிய சிப்புகளுக்கென்று தனியாக எழுதிய கோப்பில் ஒரு வரி. கையெழுத்து பொய் என்றால் மைனஸ் ஒன்று திரும்பி வரும். அதை ஒரே ஒரு பைட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பில் அந்த பைட் மைனஸைத் தாங்கும். படகுப் பெட்டியில் தாங்காது, மைனஸ் ஒன்று அங்கே இருநூற்று ஐம்பத்தைந்தாகிவிடும். அடுத்த வரி 'பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் நிராகரி' என்கிறது. அங்கே எதுவுமே பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஆகவே எதுவுமே நிராகரிக்கப்படாது. பழைய கம்பைலர் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டது. புதியது ஒரு எச்சரிக்கையாவது கொடுத்தது.

இப்போது கடலில் இருபத்துமூன்று படகு. எவனாவது விளையாட்டுக்கு 'அங்கேயே நில்' என்று அனுப்பினாலும் பச்சை எரியும். ஜெப்சி அக்கா ஒரு வழி செய்திருக்கிறாள். கரையை விடும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு மீன் பெயரைக் காதில் சொல்லி அனுப்புகிறாள், ஏற்கெனவே போனவர்களுக்கு வயர்லெஸ்ஸில் அவரவர் வீட்டு ஆளை விட்டுப் பேச வைத்துச் சொல்கிறாள். சேதியில் அந்தப் பெயர் இல்லையென்றால் நம்பக் கூடாது. எப்படியும் ஜூன், ஜூலை மீன்பிடித் தடையில் எல்லாப் படகும் தேங்காப்பட்டணம் வந்துவிடும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி திரும்பப் போவதற்குள் பெட்டிகளைத் திருத்த வேண்டும். என் திருத்தத்தை நேரே ஏற்றலாமா என்று கேட்டேன். "ஒனக்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல மக்கா. ஆனா ஒருத்திய நம்பி நாப்பது படகு போவாது. நாலு பேரு பாத்து செரின்னு வெளிய விட்டதுதான் பெட்டில ஏறணும்" என்றாள். சங்கத்தின் விதி அது, நல்ல விதி. ஆகவே உங்கள் லைப்ரரியே திருத்தி வெளியிட்டாக வேண்டும்.

எந்தக் கழுதை எழுதியது என்று இன்னும் பார்க்கவில்லை. கோப்பின் தலையில் 'போர்டில் ஓட்டிப் பார்த்தேன்' என்று எழுதியும் வைத்திருக்கிறது. ஒரே ஒரு தடவை இந்தச் சிப் உள்ள நிஜ போர்டில் பொய்க் கையெழுத்தை ஓட்டியிருந்தால் அப்போதே பல்லிளித்திருக்கும். கோப்பின் திருத்த வரலாற்றைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்து ஊரறியக் கிழிக்கப்போகிறேன்.

அன்புடன்,
ஆதிரா


உத்ரெக்ட்
7 ஏப்ரல் 2025

ஆதிரா,

உன் மெயில் கிடைத்தது. யாரிடமும் மேற்கொண்டு பேசாதே. பாதுகாப்புப் பிழைக்கு ஒரு வழக்கம் உண்டு. கமிட்டிக்கு ரகசியமாகச் சொல்லித் தொண்ணூறு நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குப் பிறகே ஊருக்குச் சொல்லலாம். அது ஜூலை ஐந்து வரை.

யார் எழுதியது என்று தேடுவதில் ஒரு பயனும் இல்லை. பழைய ஆட்கள். பலர் இப்போது இல்லை.

அபிதா


மார்த்தாண்டம்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை விஷு. அம்மா கனி வைக்கத் தோவாளையிலிருந்து கொன்றைப்பூ வரவழைத்திருக்கிறாள். நீ போன மெயிலில் அவள் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. இதுதான் முதல் தடவை.

கமிட்டிக்கு ரகசியமாகத் தெரிவித்துவிட்டேன். தொண்ணூறு நாள் காத்திருப்பேன். வரலாற்றையும் பார்த்துவிட்டேன். எழுதியவர் பெயர் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

2016 அக்டோபர் நினைவிருக்கிறதா? நீ செப்டம்பரிலேயே விமானம் ஏறிவிட்டாய். நான் பத்தாம் வகுப்பு. சென்னையில் கஸ்டம்ஸில் மூன்று மாதம் கிடந்த உன் பார்சல் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்காத வெள்ளிக் கவரில் ஒரு போர்டு. இதே சிப். 'எனக்கு இனி வேண்டாம், நீ வைத்துக்கொள்' என்றாய். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டதே அதில்தான். ரசீது என் மேஜையில் இருக்கிறது, தேதி அக்டோபர் ஏழு. அந்தக் கோப்பின் தேதி ஆகஸ்ட் பத்தொன்பது.

அதே வாக்கியம், அதே நாளில், பன்னிரண்டு கோப்புகளில் இருக்கிறது. ஒன்றின் கதை தெரிந்துவிட்டது. மற்ற பதினொன்றில் எது உண்மை? எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

விஷு வாழ்த்துகள்.

ஆதிரா


மார்த்தாண்டம்
4 மே 2025

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. இருமல் திரும்ப வந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காக நான் சொன்ன பொய், கணக்கில் வைத்துக்கொள்.

நீ சொல்லாவிட்டால் போ. பதினொன்றையும் நானே போர்டில் ஓட்டிச் சோதிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கோப்புக்கு ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கிறது, ஜூலை முடிந்துவிடும். "டிவி நன்னாக்க வந்தவங்க வாசல்ல நிக்காவ, நீ என்னத்த நோண்டிட்டு இருக்க?" என்று முருகதாஸ் அண்ணன் கேட்டார். நிற்கட்டும் என்றேன். அவர் திட்டிக்கொண்டே இன்னொரு போர்டு எடுத்துக் கொடுத்தார்.

ஆதிரா


உத்ரெக்ட்
18 மே 2025

அன்புள்ள ஆதிராவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். இங்கே வெயில் வந்துவிட்டது, கால்வாய் ஓரமெல்லாம் ஆட்கள் பாயை விரித்துக் கிடக்கிறார்கள். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

ஒரு நல்ல சேதி. எங்கள் நிறுவனத்தில் ஓர் இடம் காலியாகிறது, உனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நான் ஒரு வார்த்தை சொன்னால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். எத்தனை நாளைக்கு டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பாய்?

இன்னொன்று. ஜூலை பத்தாம் தேதி பழைய சிப் நீக்கப்பட்டால் அந்தப் பன்னிரண்டு கோப்பும் போய்விடும். தவறு இருந்த இடமே இருக்காது, யாருக்கும் சங்கடம் இல்லை. சங்கத்துக்குப் புதிய சிப் வைத்த பெட்டி நாற்பதும் என் பொறுப்பு.

அப்பா ஞாயிற்றுக்கிழமை பேசினார். நம் அய்யாவழித் தாங்கலில் பணிவிடை வழிபாடு முடிந்து நின்றவர்களிடம், "எனக்க மூத்தவளுக்க எழுத்து உலகம் முழுக்க ஓடுது" என்று சொன்னாராம். அந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

அந்தப் பதினொன்றோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடு.

அன்புடன்,
அபிதா


மார்த்தாண்டம்
20 மே 2025

அக்கா,

வேலை வேண்டாம். பெட்டியும் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோப்பு உங்கள் அலமாரியிலிருந்து போகும். ஏற்கெனவே ஏறிய பெட்டியிலிருந்து போகாது. நாற்பது படகை நீ விலை கொடுத்து மாற்றிவிடுவாய். எங்கெங்கோ எந்தக் கதவிலோ எந்த மீட்டரிலோ அதே வரி குப்பைக்கும் பச்சை காட்டிக்கொண்டிருக்குமே, அவர்களுக்கு யார் சொல்வது? தவறு இருந்த இடம் இருக்காதாம். நீ சொல்வது நடு வீட்டில் பாம்பைப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிற வேலை.

அப்பாவை நினைத்துப் பார் என்கிறாய். நினைக்கிறேன். தலையில் துணி கட்டக் கூடாது என்று சொன்னவர்களின் முன்னால் கட்டிக்கொண்டு நின்ற கூட்டம் நாம். இன்றும் தலைப்பாகையோடுதான் அவர் தாங்கல் கண்ணாடிக்கு முன் நிற்கிறார். அந்த மனிதர் உண்மையைத் தாங்க மாட்டார் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? உன்னால் தாங்க முடியாது என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை ஐந்தாம் தேதி காலை அறிவிப்பை நானே வெளியிடுவேன். 'சோதிக்காமலே சோதித்ததாக எழுதப்பட்டது' என்ற வரி அதில் இருக்கும். பெயரை நான் எழுத மாட்டேன். தேடுகிறவனுக்கு ஒரு நிமிடம் போதும்.

கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுதியதை மாற்றப் போவதில்லை. என்னோடு சண்டை போடு. வாயை மூடிக்கொண்டு இருக்காதே. அம்மாவின் முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

ஆதிரா


உத்ரெக்ட்
13 ஜூலை 2025

அன்புள்ள ஆதிராவுக்கு,

அய்யா உண்டு. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பட்டையைக் கட்டுகிறாளா, இன்னும் கொடியில்தான் கிடக்கிறதா?

நீ பார்த்திருப்பாய். ஜூலை நான்காம் தேதி, உன் நாளுக்கு ஒரு நாள் முன்னால், லைப்ரரிக்காரர்கள் எல்லோரும் படிக்கிற பொது இடத்தில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் போட்டதை உனக்குத் தமிழில் ஒருமுறை எழுத வேண்டும்போல் இருக்கிறது. 'என் பெயர் அபிதா. 2016 ஆகஸ்டில் பன்னிரண்டு கோப்புகளில் போர்டில் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதினேன். அப்போது என்னிடம் போர்டு இல்லை. ஒன்றைக்கூட ஓட்டவில்லை. அப்பாவின் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் மட்டுமே சோதித்தேன். கையெழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் ஆதிரா.'

ஆகஸ்ட் இருபது கடைசி நாள். அந்தப் பன்னிரண்டு கோப்பும் லைப்ரரிக்காரர்கள் நடத்திய மாணவர் திட்டத்துக்காக எழுதியவை, அதில் தேறினால்தான் இங்கே மேற்படிப்பு. தினமும் போஸ்ட் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன், பார்சல் வரவில்லை. ஒரு வரிதானே என்று எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அதன் மேலேயே கட்டினேன்.

எழுதுமுன் கமிட்டியில் சொன்னேன். இருவர், 'வேண்டாம், ஆறு நாளில் ஓட்டெடுப்பு, கோப்பே போய்விடும், யாருக்கும் சங்கடம் இல்லை' என்றார்கள். உனக்கு நான் எழுதிய அதே வார்த்தைகள். அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. கூட்டத்தில் இருந்தபடியே அனுப்பிவிட்டேன்.

மறுநாளே கமிட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் இனி லைப்ரரியில் ஒரு வரிகூட எழுத முடியாது. ஆனால் நான் எழுதியதைப் பார்த்துப் பதினேழு இடங்களிலிருந்து எழுதினார்கள், எங்களிடமும் அந்தச் சிப் இருக்கிறது என்று. ஓட்டெடுப்பில் நான்குக்கு இரண்டு என்று சிப் தப்பிவிட்டது. நாளை மறுநாள் உன் திருத்தத்தோடு புதிய பதிப்பு வருகிறது. என் நிறுவனத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை போனாலும் போகட்டும், எழுதியதில் ஒரு எழுத்தையும் எடுக்க மாட்டேன்.

அப்பாவிடம் நேற்று நானே போனில் சொன்னேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார், கடையில் ஆட்கள் இருந்தார்கள். அணைக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "பொய் பறஞ்சதும் எனக்க பிள்ள, அத எடுத்துப் பறஞ்சதும் எனக்க பிள்ளதான்" என்றார். உடனே வேறு யாரிடமோ, "ஒமக்கு என்ன வேணும் வேய், கத்தியா, பால் கப்பா?" என்றார்.

நான் ஒன்பது வருஷமாக ஒரு பொய்யின் சோற்றைத் தின்றிருக்கிறேன். இங்கே நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை ஆதிரா.

அபிதா


மார்த்தாண்டம்
31 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா பட்டை கட்டுகிறாள். நீ போன் செய்த அன்று அழுதாள், மறுநாள் 'அவளுக்கு வேலை போனா இங்க வரட்டும், சோறில்லாமலா போச்சு' என்று சொல்லி உன் கட்டிலைத் துடைத்து வைத்தாள்.

தேங்காப்பட்டணத்தில் நாற்பது பெட்டியிலும் புதிய பதிப்பு ஏறிவிட்டது. இன்று ஜெப்சி அக்கா படகு படகாக ஏறி நின்றாள். நான் கரையிலிருந்து பொய்ச் சாவியால் சேதி அனுப்பினேன். நாற்பதிலும் சிவப்பு. "செவப்பு எரியக் கண்டு சந்தோசப்பட்ட ஆளு நாமதான் இருப்போம் மக்கா" என்றாள். விடிந்தால் படகுகள் போகின்றன.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். என் சோதனை நேற்றோடு முடிந்தது. பன்னிரண்டில் மூன்று தப்பு. ஒன்பது சரி. குப்பையைக் கொடுத்தேன், உடைந்த சாவியைக் கொடுத்தேன், பாதிச் சேதியைக் கொடுத்தேன், ஒன்பதும் அசையவில்லை. போர்டைக் கண்ணால் காணாமல், ரப்பர் கத்திக்கு பில் போடுகிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாய். 'இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை' என்று உள்ளதை எழுதியிருந்தாலே உன்னை எடுத்திருப்பார்கள், கழுதை. அந்தப் பொய் உனக்குத் தேவையே இல்லை. அதைக் கண்டுபிடித்தபோது நான் கடையில் உட்கார்ந்து அழுதேன், முருகதாஸ் அண்ணன் போர்டு எரிந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

ஒன்பதின் சோதனை விவரத்தையும் உன் பெயரோடு நீ எழுதிய அதே பொது இடத்தில் போட்டுவிட்டேன். பொய்யைப் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும்.

தப்பான மூன்றில் ஒன்று திருத்தியாயிற்று. மற்ற இரண்டும் படகுப் பெட்டியில் இல்லாதவை. அவற்றை ஆதிரா திருத்தி அனுப்பலாம், அபிதாவின் பெயர் வரக் கூடாது என்று உங்கள் கமிட்டி எழுதியிருக்கிறது. நான் இப்படிப் பதில் போட்டேன்: 'அபிதா எழுதுவாள், ஆதிரா ஓட்டிப் பார்ப்பாள், இரண்டு பெயரும் கீழே இருக்கும். அப்படியே எடுத்துக்கொள்வதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதி, போர்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.' அனுப்பி இரண்டு மணி நேரம் ஆகிறது. முனகிக்கொண்டிருப்பார்கள், ஆனால் வேறு ஆள் இல்லை.

ஆகவே இரண்டு கோப்பையும் திறந்து உட்கார். அழுதுகொண்டே எழுதாதே, அரைப்புள்ளி விட்டுப்போகும், இந்தக் கம்பைலர் உன்னை விடாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.

உன் தங்கை,
ஆதிரா